பண்ணைக் கேள்வி பதில்: கொட்டகையின் மேல் ஜன்னலை மூடாதீர்கள்

(நாற்பது கோழிகள், இரண்டு பசுமைக்குடில்கள் என 11 குளிர்காலங்களைக் கடந்த ஒரு சிறு பண்ணையாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் அம்மா. முப்பது கோழிகளுடன் எனக்கு இது முதல் குளிர்காலம். இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கொட்டகையில் ஓர் இடுக்கு விடாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டேன். அப்படியும் இரண்டு சேவல்களின் கொண்டை நுனி கறுத்துப்போனது. சூடேற்றும் விளக்கு மாட்டிவிடட்டுமா?

பதில்: விளக்கு வேண்டாம். கூரைக்குச் சற்றுக் கீழே ஒட்டியிருக்கும் தாளை மட்டும் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். கோழிகள் நடுங்குமே என்ற பதற்றத்தில் சாக்கும் தாளும் வைத்து எல்லாவற்றையும் அடைத்தேன். ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் கதவைத் திறந்தபோது கண் எரிந்தது. உள்சுவர் முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய கொண்டையுள்ள வெள்ளைக் கோழிக்குக் கொண்டையின் மூன்று முனைகள் போய்விட்டன. அன்று வெளியில் அப்படியொன்றும் கடுங்குளிர் இல்லை.

கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகை உப்பி உட்கார்ந்தால் உள்ளே சிக்கும் காற்றே அதற்குப் போர்வை. உலர்ந்த குளிரை அது நன்றாகவே தாங்கும். ஈரத்தைத்தான் தாங்காது. ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கிறது என்று வையுங்கள். முப்பதுக்கு ஏழரை லிட்டர். முட்டைக்குள் போனது போக மிச்சமெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும் அந்தக் கொட்டகைக்குள்தான் வருகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் இறகில்லாத கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறைகிறது. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கிறது.

அதனால் கோழிகளின் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் காற்று போக மேல் ஜன்னல் திறந்திருக்கட்டும். அவை உட்காரும் உயரத்தில் மட்டும் காற்று வீசக்கூடாது. உட்காரும் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் ஆடினால் காற்று வருகிற ஓட்டையைத் தேடி அடையுங்கள். அப்புறம் தரையில் மண்டியிட்டு, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுங்கள். உங்கள் மூக்கில் நெடி ஏறினால், கோழிக்கு அது எப்போதோ அளவைத் தாண்டிவிட்டது.

தரையில் மரச்சீவல் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், காய்ந்த சீவல் சேருங்கள். மாலையில் அதன்மேல் கொஞ்சம் தானியம் இறைத்தால் கோழிகளே கிளறிவிடும். உட்காரும் கட்டை உருண்டையாக இருந்தால் மாற்றுங்கள். 10 சென்டிமீட்டர் அகலப் பலகையின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்தால், வயிற்று இறகு கால்விரல்களை முழுதாக மூடிக்கொள்ளும்.

சூடேற்றும் விளக்கை நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் தீ. காய்ந்த சீவல், இறகு, தூசி இவற்றுக்கு நடுவே கொதிக்கும் விளக்கு. ஒரு கோழி பறந்து மோதினால் போதும். கறுத்த நுனியைத் தேய்க்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். தானாகக் காய்ந்து உதிரும். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு கோழிகள் இருந்தும் வாரத்துக்கு மூன்று முட்டைதான் கிடைக்கிறது. தீவனத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: தீவனம் காரணமில்லை, பகல் குறுகியதுதான் காரணம். நன்றாக முட்டையிட ஒரு கோழிக்கு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தேவை. போதாததற்கு, வயதான கோழிகள் இந்தப் பருவத்தில் இறகு உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். உண்ணும் புரதம் அதற்கே செலவாகும். விளக்கு போடுவதென்றால் விடியலுக்கு முன்னால் போடுங்கள். மாலையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு சட்டென்று அணைந்தால், கட்டையில் ஏறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே தவித்து நின்றுவிடும்.

ஒரு வருடம் எனக்கு விளக்கின் டைமர் பழுதானது. நான்கு நாள் கவனிக்காமல் விட்டேன். வெளிச்சம் சட்டென்று குறைந்ததால், உச்சக் குளிரில் பாதிக் கோழிகள் இறகைக் கொட்டிவிட்டன. வெறும் முதுகோடு அவை நின்றதைப் பார்த்த பிறகு நான் விளக்கு போடுவதை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். முட்டை விற்றுத்தான் தீவனச் செலவைச் சமாளிக்க வேண்டும் என்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் டைமரைத் தினமும் பாருங்கள்.

இன்னொன்று, தண்ணீர். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பாத்திரம் உறைந்து கிடந்தால் முட்டை நின்றுவிடும். நான் ரப்பர் தொட்டிகள் வைத்திருக்கிறேன். கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும், தொட்டி உடையாது. காலையும் மதியமும் வெதுவெதுப்பான தண்ணீர். மாலையில் ஒரு கை மக்காச்சோளம் இரவு முழுக்கச் செரித்துச் சூடு தரும். அதற்கு மேல் வேண்டாம். சோளத்தால் வயிறு நிரம்பினால் முட்டைத் தீவனத்திலிருந்து கிடைக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துபோகும்.

கேள்வி: பசுமைக்குடிலுக்குள் ஒரு மாதத்துக்கு முன் விதைத்த பசலைக்கீரை இரண்டு இலையோடு அப்படியே நிற்கிறது. உரம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். வெளிச்சம் குறைவான நாட்களில் போடும் உரம் இலையில் நைட்ரேட்டாகத் தேங்கும். உங்கள் ஊரில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே குறையும் தேதியைப் பார்த்துவைத்து, அதற்குள் செடி முக்கால் அளவு வளர்ந்திருக்கும்படி அடுத்த முறை விதையுங்கள். குளிர்காலக் குடில் என்பது வளர்ந்த செடியை வாடாமல் காத்து, வேண்டும்போது பறிக்கும் இடம். இப்போதுள்ள நாற்றுகளைப் பிடுங்கிவிடாதீர்கள். பகல் நீளும்போது புது விதையைவிட இவைதான் முதலில் எழும்பும்.

குடிலுக்குள்ளேயே படுக்கைமேல் வளைகம்பி வைத்து மெல்லிய துணிப்போர்வை போடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர்கால அறுவடைக்குப் பெயர்பெற்ற விவசாயி எலியட் கோல்மன் ஒரு கணக்கு சொல்வார்: ஒவ்வொரு அடுக்கு மூடலும் தோட்டத்தை 500 மைல் தெற்கே நகர்த்தியதற்குச் சமம். வெயில் அடித்தால் குளிர்நாளானாலும் கதவைக் கொஞ்ச நேரம் திறங்கள், இல்லையென்றால் சாம்பல் பூஞ்சணம் வரும். காலையில் விறைத்துக் கிடக்கும் இலையைத் தொடாதீர்கள். உறைந்தபடி பறித்தால் கூழாகிவிடும். மதியம் அதுவே இளகி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். குளிர் பட்ட பசலையும் கேரட்டும் சர்க்கரை கூடி இனிக்கும். ஒருமுறை சாப்பிட்டால் வெயில்காலத்துப் பசலை பிடிக்காது.

கேள்வி: கோழிகளையும் குடிலுக்குள் விட்டால் இரண்டுக்கும் சூடு கிடைக்குமே?

பதில்: காலியான குடிலில் விடலாம். பூச்சியையும் களை விதையையும் பொறுக்கித் தின்னும். கீரை இருக்கும் குடிலில் கூடாது. சாப்பிடும் இலையில் மட்காத பச்சை எச்சம் பட்டால், வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி வரலாம். மண்ணைத் தொடும் பயிருக்கு, பச்சை எச்சம் விழுந்ததிலிருந்து அறுவடை வரை 120 நாள் இடைவெளி என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நானும் அதையே கடைப்பிடிக்கிறேன். நடுவில் கம்பிவலை போட்டுப் பிரித்தாலும் அம்மோனியா வலையைத் தாண்டும், அதனால் அங்கேயும் மேல் ஜன்னல் வேண்டும்.

கேள்வி: புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பைக் குடிலுக்குள் ஓர் இரவு எரிக்கலாமா?

பதில்: கூடாது. அதன் எத்திலீன் வாயு செடியைக் கெடுக்கும், கார்பன் மோனாக்சைடு உங்கள் உயிரை எடுக்கும். அந்த இரவுக்குப் படுக்கைமேல் இன்னொரு போர்வை போட்டு, விடிந்ததும் கூரையில் படிந்த பனியை மெத்தென்ற துடைப்பத்தால் உள்ளிருந்து தட்டிவிடுங்கள்.