போஸ்டிங்கில் வரும் மாணவிக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஐ.சி.யூ.வுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைத் தானே பரிசோதித்து முடிவெடுக்கவும் பயிற்சி பெறும் நர்ஸ்) மாணவிகள் இருவர் போஸ்டிங்கில், அதாவது வார்டு பயிற்சிக்கு, வந்திருக்கிறார்கள். ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். ஊசி, கதீட்டர் எல்லாம் நன்றாகவே வருகிறது. நான் புதிதாக எதைக் கற்றுத்தருவது? நேரமும் இல்லை.
– ஸ்டாஃப் நர்ஸ், ராயபுரம்

பதில்: இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டாண்டு முதுநிலை ரெசிடென்சி, அதாவது வார்டில் வேலை பார்த்தபடியே படிப்பது. பி.எஸ்சி. முடித்து, வேலை அனுபவமும் உள்ளவர்கள்தான் சேர முடியும். அதனால் கைவேலை வரத்தான் செய்யும். வராதது, தானே யோசித்து ஒரு முடிவுக்கு வருவது. 'டாக்டர் எழுதினார், நான் போட்டேன்' என்று பழகியவர்களை அதிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் உங்கள் வேலை. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் போதும்.

60 கிலோ எடையுள்ள நோயாளிக்குக் கடந்த ஒரு மணி நேரத்தில் 15 மில்லி சிறுநீர்தான் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள். "என்னம்மா நினைக்கிறே?" என்று கேளுங்கள். "தண்ணி பத்தலை சிஸ்டர், டிரிப் ஏத்தணும்" என்பாள். "எதை வெச்சு சொல்றே?" என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் இங்கேதான் திணறுவாள். சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்தாளா? நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாளா? நுரையீரலில் ஏற்கெனவே நீர் கோத்திருந்தால் டிரிப்பே ஆபத்தாகிவிடும். பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லுங்கள்: கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி, அதாவது இவருக்குக் குறைந்தது 30 மில்லி இறங்க வேண்டும். கடைசியாக, எதைச் சரியாகச் செய்தாள், எதை விட்டாள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வெறும் 'குட்' என்றால் எது குட் என்று அவளுக்குத் தெரியாது.

இதையெல்லாம் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்று பேசுங்கள். நோயாளியின் வீட்டார் காதில் விழுந்தால் வீண் பயம். பி.பி. சரிந்துகொண்டிருக்கும்போது கேள்வி வேண்டாம். முதலில் நீங்கள் பாருங்கள், பேச்சு அப்புறம்.

கேள்வி: எந்த வேலையில் மாணவியைத் தனியே விடவே கூடாது?
– வார்டு சிஸ்டர், தண்டையார்பேட்டை

பதில்: இன்சுலினும் பொட்டாசியமும்.

நம் ஊரில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் வருகிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் '10' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்கிவிடுவார். மாற்றி இழுத்தால் 4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் மண்டையை உடைப்பார்கள். மாணவி குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் ஊசி குப்பிக்குள் இறங்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிஈக்விவலன்ட் (மருந்தின் அளவைச் சொல்லும் அலகு) இருக்கும். நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுபோகும். 500 மில்லி பாட்டிலில் ஓர் ஆம்பூல் கலந்தால், கை நரம்பில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். பலர் மறப்பது, கலந்தபின் பாட்டிலைப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்துவது. தொங்கும் பாட்டிலில் அப்படியே செலுத்தினால் மருந்து அடியில் தங்கி, முதலில் அதுவே மொத்தமாக இறங்கும்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வந்த மாணவி. இந்தப் பக்கத்து நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதத் தடுமாறுகிறார்.
– நர்சிங் ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: "ஒரு மாரியா கீது சிஸ்டர்" என்று நோயாளி சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதவிடாதீர்கள். தலை சுற்றலா, வியர்வையா, மூச்சு முட்டலா, நெஞ்சில் பாரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளியிடம் தொழிலையும் கேட்கட்டும். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர் பல நாள் கடலில் இருப்பார். இன்சுலினை மீன் ஐஸில் நேரடியாகப் புதைத்து வைத்திருந்தால் அது உறைந்திருக்கலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, கொட்டிவிட வேண்டியதுதான். 'மருந்து ஒழுங்காப் போடுறீங்களா?' என்று மட்டும் கேட்டால் 'போடுறேன்' என்பார். அதுவும் பொய்யில்லையே!

கேள்வி: போஸ்டிங் முடியும் நாளில் லாக்புக்கை (செய்த வேலைகளைப் பதியும் நோட்டு) மொத்தமாக நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
– ஸ்டாஃப் நர்ஸ், வியாசர்பாடி

பதில்: கண்ணால் பார்த்ததற்கு மட்டும் போடுங்கள். செய்தவுடன் அன்றே நோட்டை நீட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தச் சங்கடமே வராது. பார்த்தாளா, உதவினாளா, தானே செய்தாளா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த வார்டு சிஸ்டர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.