‘லா’வைப் புரிந்துகொள்ள லத்தீன் படிக்க வேண்டுமா?

கேள்வி: 3 மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘லா காசா’ என்றால் வீடு; ‘லா வேயோ’ என்றால் அவளைப் பார்க்கிறேன். ஒரே ‘லா’வுக்கு எப்படி இரண்டு வேலை? லத்தீன் தெரிந்தால்தான் புரியும், தனிக் கட்டணம் கட்டுங்கள் என்கிறது பயிற்சி மையம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து பிறந்த மொழிதான், ஆனால் உங்களுக்குத் தேவையான லத்தீன் ஒரே ஒரு சொல்தான்: ‘இல்லா’. நம் ‘இல்லை’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெண்பால் பெயர்களைத் தள்ளி நின்று சுட்டும் சொல் இது. (இந்த மொழிகளில் வீடு, தண்ணீர் போன்ற பொருள்களின் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு.) தமிழில் ‘அந்த’, ‘அவள்’ இரண்டும் ஒரே அகரச் சுட்டில் பிறந்தவைதானே? அங்கேயும் அதே கதை. லத்தீனில் ஆங்கிலத்து ‘தி’ போன்ற சொல் கிடையாது. அவன், அவள் என்பதற்கு இருந்த ‘இஸ்’, ‘ஏயா’ போன்ற குட்டிச் சொற்கள் பேச்சில் தேய்ந்து மறைந்தன. அந்த இரண்டு இடத்தையும் ‘இல்லா’வும் அதன் ஆண்பால் ‘இல்லே’யும் பிடித்துக்கொண்டன. அழுத்தமில்லாமல் சொல்லிச் சொல்லி முன்பாதி உதிர்ந்து ‘லா’ ஆனது. அழுத்திச் சொன்ன இடத்தில் ‘எய்யா’, அதாவது ‘அவள்’ என்று நின்றது.

ஆகவே ‘லா’வுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். பெயரோ அதன் அடைமொழியோ வந்தால் ‘அந்த’, வினை வந்தால் ‘அவளை’ அல்லது ‘அதை’. அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ‘எல் ஆகுவா’, அதாவது தண்ணீர். ‘எல்’ ஆண்பாலுக்கு உரியது, அதனால் தண்ணீர் ஆண்பால் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பு! ‘இல்லா’ தேயும் வழியில் ‘ஏலா’ என்று இருந்தது. உயிரெழுத்துக்கு முன்னால் அதன் கடைசி ‘ஆ’ விழுந்து ‘எல்’ ஆனது. இது பெண்பால் ‘எல்’. அதனால்தான் ‘எல் ஆகுவா ஃப்ரியா’ (குளிர்ந்த தண்ணீர்) என்று அடைமொழி பெண்பாலில் வருகிறது. பன்மையில் ‘லாஸ் ஆகுவாஸ்’ ஆகிறது. இன்று, அழுத்தமான ‘ஆ’வில் தொடங்கும் பெண்பால் பெயர்களுக்கு முன்னால் மட்டும் இது நிற்கிறது. ‘லா அமீகா’வில் (தோழி) அழுத்தம் ‘மீ’யில் விழுகிறது, அதனால் ‘லா’ மாறுவதில்லை.

இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய இதைச் சொல்லாமல், வாய்பாடு போல உருப்போட வைக்கிறது பாடத்திட்டம். பிள்ளைகள் குழம்பியதும் அந்தக் குழப்பத்தையே தனி வகுப்பாக்கி விற்கிறார்கள். ‘லத்தீன் அடித்தளம்’, ‘சான்றிதழ் உத்தரவாதம்’ என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.