பாத்திரப் பஞ்சில் மீன் வாடை போகவில்லையா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு இரண்டே நாளில் நாறிவிடுகிறது. வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து ஊறவைத்தேன். நன்றாக நுரைத்தது, ஆனால் மறுநாளே மீன் வாடை வந்துவிட்டது. அதோடு குளோராக்ஸ் பிளீச்சையும் சேர்க்கலாமா? மாமியாரோ, "பேசாமல் தேங்காய் நாரையே எடும்மா" என்கிறார். (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, வினிகரோடு குளோராக்ஸைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன ஜன்னல் வைத்த லயத்து அடுப்படியில் அது மூச்சை அடைக்கும், நுரையீரலையே புண்ணாக்கும். எலுமிச்சைச் சாற்றோடும் சேர்க்கக் கூடாது.

சரி, வாடைக்கு வருவோம். நுரை பொங்குவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் கிளம்பி வருவது போலத்தான் தெரியும். ஆனால் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. நுரை அடங்கியதும் மிஞ்சுவது லேசான உப்புக் கரைசல்தான். அதனால் தனித்தனியாகப் போடுங்கள். முதலில் வெந்நீரில் ஒரு கரண்டி சோடா போட்டுப் பஞ்சைக் கசக்குங்கள். தேங்காய்ப்பால் பிசுக்கு கழன்றுவிடும். நன்றாக அலசிப் பிழிந்த பிறகு வினிகரில் ஐந்து நிமிடம் ஊறட்டும். மீனைப் புளி போட்டுக் கழுவுகிறோம் இல்லையா? அதே கதைதான். மீன் வாடையைக் கிளப்பும் பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கிவிடும்.

வாடை அடங்கியதாலேயே கிருமி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சூடுதான் வேண்டும். 2007இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் பஞ்சைப் பல விதமாகச் சோதித்தார்கள். எலுமிச்சைச் சாறு, பிளீச், வெறும் தண்ணீர் ஆகியவை 37 முதல் 87 சதவீதம் வரைதான் பாக்டீரியாவைக் கொன்றன. ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் மைக்ரோவேவில் வைத்தபோது 99.99999 சதவீதம் செத்தது. பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும், காய்ந்திருந்தால் தீப்பிடிக்கும். கம்பி நார் கலந்ததை உள்ளே வைக்கவே கூடாது. மைக்ரோவேவ் இல்லையென்றால் பழைய சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பஞ்சைத் திரும்ப அந்தப் பசைச் சோப்பு டப்பாவுக்குள்ளேயே போட்டால் எல்லாம் வீண். நம் ஊர்களில் பல வீடுகளில் நடப்பது இதுதான். மதியம் வெயில், சாயங்காலம் மழை என்று காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில், டப்பாவில் கிடக்கும் பஞ்சு எப்போது காயும்? இரண்டு பஞ்சு வாங்கி, நாள் மாற்றி நாள் பயன்படுத்துங்கள். ஓய்வில் இருப்பதைப் பின்கட்டுக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் கறையும் வெளுக்கும்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேங்காய் நார் சீக்கிரம் காய்ந்துவிடும், பிய்ந்தால் தூக்கிப் போட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். மீன் சட்டியையும் கோழி வெட்டிய பலகையையும் நாரில் தேய்த்து, பஞ்சைத் தட்டுக்கும் டம்ளருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் மனம் நிறையும்.

எவ்வளவு கவனித்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பஞ்சை வைத்திருக்க வேண்டாம். பழையதை வீசவும் மனம் வராதே! ஒரு மூலையைக் கத்தரித்து அடையாளம் வைத்து, வெளித் தொட்டி தேய்க்கப் போட்டுவிடுங்கள். மூலை வெட்டியது மறுபடி அடுப்படிக்குள் வரக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.