எக்ஸிக்யூட்டர்களை இரு மடங்காக்கியும் ஸ்பார்க் ஜாயின் வேகமடையாதது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பல ஆண்டுகள் எஸ்கியூஎல் எழுதிப் பழகிய நீங்கள், இப்போது தரவைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கணக்கிடும் ஸ்பார்க்கும், டேபிள்களைச் சேமிக்கும் வடிவமான டெல்டா லேக்கும் கொண்ட டேட்டா பிளாட்ஃபார்ம் ஒன்றுக்கு மாறியிருக்கிறீர்கள். நிகழ்வுகள் டேபிளை வாடிக்கையாளர் டேபிளுடன் இணைக்கும் ஒரு லெஃப்ட் ஜாயின் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. எக்ஸிக்யூட்டர்களை, அதாவது கணக்கீட்டைச் செய்யும் ஸ்பார்க் செயல்முறைகளை, இரு மடங்காக்கிப் பார்த்தும் நேரம் குறையவில்லை. அடுத்து எந்த செட்டிங்கை மாற்றுவது என்று கேட்கிறீர்கள்.

இரு மடங்காக்கியும் குறையவில்லை என்ற அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. வேலை எல்லா எக்ஸிக்யூட்டர்களுக்கும் சீராகப் பங்கிடப்பட்டிருந்தால், ஆட்களைக் கூட்டியதும் நேரம் ஓரளவாவது இறங்கியிருக்கும். அப்படி இறங்கவில்லை என்றால், பெரும்பாலான வேலை ஒரே ஒரு டாஸ்க்கின் (ஒரு கோர் தனியாக முடிக்கும் வேலைத் துண்டின்) தலையில் விழுந்திருக்க வேண்டும். அல்லது டாஸ்க்குகள் தொடங்குவதற்கு முன்பே, எந்தெந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்று டிரைவர் (வேலையைப் பிரித்துக் கொடுக்கும் தலைமைச் செயல்முறை) கணக்குப் போடுவதிலேயே நேரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். இரண்டுமே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சார்ந்தவை. அதைப் பார்க்காமல் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திருகுவதில் பயனில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸிலிருந்து வருபவர்கள் முதலில் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே சேமிப்பும் கணக்கீடும் ஒரே இன்ஜினின் பொறுப்பு. பி-ட்ரீ இண்டெக்ஸ் இருக்கிறது, அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் நினைவகத்திலேயே தங்குகின்றன, புள்ளிவிவரங்களை ஆட்டோவேக்யூம் பின்னணியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. டெல்டா டேபிள் என்பதோ ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கிளவுடின் கோப்புக் கிடங்கில்) கிடக்கும், நெடுவரிசை வாரியாகத் தரவை வைக்கும் பார்க்கே வடிவக் கோப்புகளின் குவியலும், அவற்றில் எவை இப்போது செல்லுபடியாகும் என்று சொல்லும் ஒரு டிரான்சாக்ஷன் லாகும் மட்டுமே. குறிப்பிட்ட ஒரு வரிசையை நேராகப் போய் எடுக்கும் பி-ட்ரீ வகை இண்டெக்ஸ் அங்கே கிடையாது. எனவே எழுதும்போது தரவை எப்படி வைத்தீர்களோ, அதற்கேற்பவே படிக்கும் வேகமும் அமையும்.

இனி உங்கள் ஜாயினுக்கு வருவோம். ஸ்பார்க் யூஐ எனும் கண்காணிப்புத் திரையில் அந்த ஜாயின் நடக்கும் ஸ்டேஜை, அதாவது வேலைக் கட்டத்தை, திறந்து, டாஸ்க்குகளின் சுருக்க அட்டவணையைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் குறைந்தபட்சம், 25ஆம் சதமானம், இடைநிலை, 75ஆம் சதமானம், அதிகபட்சம் என ஐந்து எண்கள் இருக்கும். 75ஆம் சதமானம் 20 நொடி, அதிகபட்சம் 50 நிமிடம் என்பது போல இருந்தால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஒரே கீ (இணைக்கும் நெடுவரிசையின் மதிப்பு) கொண்ட வரிசைகள் ஓரிடத்தில் சேரும்படி தரவை மறுபங்கீடு செய்வதே ஷஃபிள்; அதில் உருவாகும் துண்டுகளான பார்ட்டிஷன்களின் இயல்பு எண்ணிக்கை 200. அவற்றில் 199 முடிந்துவிட்டு, ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு டாஸ்க்கை ஓட்டுவது ஒரே ஒரு கோர். மற்ற எக்ஸிக்யூட்டர்கள் எத்தனை இருந்தாலும் சும்மாதான் நிற்கும்.

நிகழ்வுகள் டேபிளில் இப்படிச் சாய்வு (ஸ்க்யூ, வேலை ஒரே பார்ட்டிஷனில் குவிவது) ஏற்படுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் 'நல்' (NULL), அதாவது மதிப்பே இடப்படாத வெற்றிடம். உள்நுழையாமல் தளத்தைப் பார்ப்பவர்களின் நிகழ்வுகளில் வாடிக்கையாளர் எண் 'நல்' ஆக இருக்கும். இன்னர் ஜாயினாக இருந்தால் ஸ்பார்க் அந்த வரிசைகளை முன்னதாகவே வடிகட்டிவிடும். லெஃப்ட் ஜாயினில் இடப்பக்கத்து வரிசை ஒன்றுகூட விடுபடக் கூடாது என்பதால், அவை அத்தனையும் ஷஃபிளுக்குள் நுழைகின்றன. எந்தப் பார்ட்டிஷன் என்று தீர்மானிக்கும் ஹாஷ் மதிப்பு எல்லா நல்லுக்கும் ஒன்றே என்பதால், எல்லாமே ஒரே பார்ட்டிஷனில் போய்க் குவிகின்றன. எதனோடும் பொருந்தப்போவதில்லை என்று முன்கூட்டியே தெரிந்த வரிசைகள்தான் இங்கே ஒரு மணி நேரத்தைத் தின்கின்றன. கீ 'நல்' ஆக உள்ள வரிசைகளைத் தனியே பிரித்து, வாடிக்கையாளர் நெடுவரிசைகளில் 'நல்' இட்டு, மீதியை மட்டும் ஜாயின் செய்து, இறுதியில் இரண்டையும் யூனியன் ஆல் மூலம் சேர்த்துவிட்டால் விடை மாறாது. நல்லுக்குப் பதிலாக 0 அல்லது -1 என்ற பொது எண்ணை இட்டு வைக்கும் பழக்கம் உள்ள டேபிள்களில் இதே சிக்கல் மாறுவேடத்தில் இருக்கும்; இன்னர் ஜாயினின் வடிகட்டலும் அங்கே உதவாது. கீ வாரியாக எண்ணிப் பார்த்து, முதல் பத்து மதிப்புகளை இறங்குவரிசையில் எடுத்தால் தெரிந்துவிடும்.

ஸ்பார்க் இதைத் தானே சரிசெய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். 2020இல் வந்த 3.0 பதிப்பில் அடாப்டிவ் குவெரி எக்ஸிக்யூஷன் (ஓடும்போதே குவெரித் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி) அறிமுகமானது, 3.2 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது. ஒரு பார்ட்டிஷன் இடைநிலை அளவைப் போல 5 மடங்குக்கு மேலும், 256 எம்பிக்கு மேலும் இருந்தால், அதைத் துண்டுகளாக்கிப் பல டாஸ்க்குகளுக்குக் கொடுக்கும். ஆனால் இதற்கு எல்லைகள் உண்டு. அப்படித் துண்டாக்குவது பின்னால் இன்னொரு ஷஃபிளை வரவழைக்கும் என்றால், உதாரணமாக ஜாயினுக்கு அடுத்து அதே கீயின் மேல் குரூப் பை வருகிறது என்றால், ஸ்பார்க் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டுவிடும். வற்புறுத்திச் செய்ய வைக்கும் செட்டிங் 3.3இல்தான் சேர்ந்தது. லெஃப்ட் ஜாயினில் இடப்பக்கச் சாய்வை மட்டுமே பிரிக்க முடியும். விண்டோ ஃபங்ஷனில் வரும் சாய்வை அது தொடுவதே இல்லை. ஆகவே அடாப்டிவ் எக்ஸிக்யூஷன் இயங்குகிறது என்பதாலேயே சாய்வு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வாடிக்கையாளர் டேபிள் சிறியதாக இருந்தால் இன்னும் எளிய வழி இருக்கிறது. வலப்பக்கத்து டேபிளை எல்லா எக்ஸிக்யூட்டர்களுக்கும் முழுதாக நகலெடுத்து அனுப்பிவிட்டால், அதாவது பிராட்காஸ்ட் செய்துவிட்டால், பெரிய டேபிளை ஷஃபிள் செய்யும் தேவையே ஒழிந்துவிடும். சாய்வும் கூடவே போய்விடும். ஸ்பார்க் தானாக இதைச் செய்வதற்கான வரம்பு 10 எம்பிதான், இன்றைய எக்ஸிக்யூட்டர்களின் நினைவகத்துக்கு அது மிகவும் கஞ்சத்தனமான எண். நூறு எம்பி டேபிளுக்கு குவெரியிலேயே பிராட்காஸ்ட் ஹின்ட் (குறிப்பு) கொடுக்கத் தயங்க வேண்டாம். ஆனால் அந்த டேபிள் முதலில் டிரைவருக்கு வந்துதான் பிற இடங்களுக்குப் போகிறது என்பதால், பல ஜிபி அளவில் முயன்றால் டிரைவர் நினைவகம் தீர்ந்து விழும்.

சாய்வு இல்லை, ஸ்டேஜ் தொடங்குவதற்கே நெடுநேரம் ஆகிறது என்றால், சந்தேகிக்க வேண்டியது சிறு கோப்புகளை. டிஸ்கிரைப் டீட்டெயில் கட்டளை டேபிளின் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் சொல்லும். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 40 ஜிபி டேபிளில் 3 லட்சம் கோப்புகள் இருந்தால், ஒரு கோப்பு சராசரியாக 140 கேபிதான். இப்படி ஆவது அரிதல்ல. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் ஸ்ட்ரீமிங் ஜாப் ஒன்று நாளுக்கு 1,440 முறை எழுதுகிறது. எழுதுவதற்கு முன் ஒரு ஷஃபிள் இருந்து, 200 பார்ட்டிஷன்களும் தலைக்கு ஒரு கோப்பை வைத்தால், ஒரே நாளில் 2,88,000 கோப்புகள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் திறப்பது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு ஒரு தனிக் கோரிக்கை. உள்ளே இருக்கும் தரவைப் படிப்பதைவிடக் கதவைத் தட்டுவதற்கே அதிக நேரம் பிடிக்கிறது.

இதற்கு ஆப்டிமைஸ் கட்டளையை முறைப்படி ஓட்டுவதுதான் வழி. அது சிறு கோப்புகளைச் சேர்த்துப் பெரியவையாக எழுதுகிறது. பழையவற்றை உடனே அழிப்பதில்லை. அழிக்கும் வேலை வேக்யூமுடையது, இயல்பாக 7 நாட்களுக்கு முந்தைய, பயன்பாட்டில் இல்லாத கோப்புகளை மட்டும் அது நீக்கும். ஸ்டோரேஜ் செலவைக் குறைக்கலாம் என்று அந்த 7 நாட்களை ஒரு மணி நேரமாகச் சுருக்கும் அறிவுரையைச் சில இடங்களில் பார்க்கிறேன். அதைப் பின்பற்றினால், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட குவெரி தான் படிக்க வேண்டிய கோப்பு காணாமல் போய் நடுவழியில் விழும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பும் போய்விடும்.

படிக்கும் அளவைக் குறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்டா ஒவ்வொரு கோப்புக்கும் நெடுவரிசைகளின் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளை லாகில் குறித்து வைக்கிறது. உங்கள் வேர் (WHERE) நிபந்தனைக்கு உட்படாத கோப்புகளை அதன் அடிப்படையில் ஸ்பார்க் திறக்காமலே விட்டுவிடும். இயல்பாக முதல் 32 நெடுவரிசைகளுக்கு மட்டுமே இந்தக் குறிப்பு எடுக்கப்படுகிறது. அகலமான டேபிளில் 40ஆவது இடத்தில் உள்ள நெடுவரிசையின் மேல் நீங்கள் ஃபில்டர் போட்டால், எல்லாக் கோப்புகளும் திறக்கப்படும். தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்ற வடிவில் ஸ்ட்ரிங்காகச் சேமித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மாதத் தரவு மட்டுமே உள்ள கோப்பிலும் குறைந்தபட்சம் 01 என்றும், அதிகபட்சம் 31 என்றும் தொடங்கும். அகரவரிசைப்படி ஏறக்குறைய எந்தத் தேதியும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும் என்பதால், எந்தக் கோப்பையும் ஒதுக்க முடியாது. அந்த நெடுவரிசையை உண்மையான டேட் வகைக்கு மாற்றி எழுதுவது ஒரு நாள் வேலை, ஆனால் அதன் பலன் அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு குவெரிக்கும் கிடைக்கும்.

இண்டெக்ஸ் இல்லாத குறையை, டேபிளை ஒரு நெடுவரிசையின் மதிப்பு வாரியாக ஃபோல்டர்களாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் மூலம் ஈடுகட்ட நினைப்பது இன்னொரு தவறு. வாடிக்கையாளர் எண் வாரியாகப் பார்ட்டிஷன் செய்தால் லட்சக்கணக்கான ஃபோல்டர்களும் அவற்றுக்குள் துணுக்குக் கோப்புகளுமே மிஞ்சும். 1 டெராபைட்டுக்குக் குறைந்த டேபிள்களைப் பார்ட்டிஷன் செய்ய வேண்டாம் என்றுதான் டெல்டா லேக்கை உருவாக்கிய டேட்டாபிரிக்ஸ் நிறுவனத்தின் ஆவணங்களே பரிந்துரைக்கின்றன. பைத்தானில் எழுதிய யூடிஎஃப் (பயனரே எழுதும் ஃபங்ஷன்) ஏதாவது ஜாயின் கீயையோ ஃபில்டரையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தால், அதையும் முடிந்தவரை உள்ளமைந்த ஃபங்ஷனாக மாற்றுங்கள்; ஆப்டிமைசருக்கு யூடிஎஃப்பின் உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

இணையத்தில் தேடும்போது, பதில் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஷஃபிள் பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையைக் கோர்களின் எண்ணிக்கையோடு பொருத்திக் கணக்கிடச் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் ஸ்பார்க் 2 காலத்தவை. இன்று சற்றுப் பெரிய எண்ணாகக் கொடுத்துவிட்டால், தேவையற்ற சிறு பார்ட்டிஷன்களை அடாப்டிவ் எக்ஸிக்யூஷன் தானே ஒன்றிணைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்கும்போது ஸ்பார்க் பதிப்பு, எக்ஸ்பிளெயின் வெளியீடு (குவெரித் திட்டம்), டேபிளின் கோப்பு எண்ணிக்கையும் அளவும், மெதுவான ஸ்டேஜின் அந்த ஐந்து எண்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாமல் பதில் சொல்பவர்கள் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

கிளஸ்டரைப் பெரிதாக்குவதே சரியான விடையாகும் நேரமும் உண்டு. டாஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிகின்றன, கோர்கள் எல்லாம் ஓய்வின்றி இயங்குகின்றன, தேவையான கோப்புகள் மட்டுமே படிக்கப்படுகின்றன, அப்போதும் நேரம் போதவில்லை என்றால் தயங்காமல் கூட்டுங்கள். டாஸ்க்குகள் சீராக இருந்தும் ஸ்பில் நெடுவரிசையில் (நினைவகம் போதாமல் வட்டுக்குத் தள்ளப்பட்ட தரவு) பல ஜிபி காட்டினால், எண்ணிக்கையைக் காட்டிலும் ஒவ்வொரு கோருக்கும் கிடைக்கும் நினைவகத்தைக் கூட்டுவது நல்லது. ஷஃபிள் பார்ட்டிஷன்களை அதிகமாக்கினாலும் அதே பலன் கிடைக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இணைக்கும் இரண்டு டேபிள்களும் சேர்ந்து சில ஜிபிக்குள் அடங்கும் என்றால், இந்தக் குவெரிக்கு ஸ்பார்க் தேவைப்படவே இல்லை. பழைய போஸ்ட்கிரெஸ்ஸோ, பார்க்கே கோப்புகளை நேரடியாகப் படிக்கும் டக்டிபியோ ஒற்றை இயந்திரத்தில் அதை முடித்துவிடும். குழு ஸ்பார்க்குக்கு மாறிவிட்டது என்பதற்காக எல்லா வேலையையும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.