'ஸமுயி தெஷ்தா' ஏன் தவறு?

கேள்வி: ஜப்பானிய மொழியில் தொடக்கநிலையான என்5 தேர்வுக்குப் படிக்கிறேன். பெயரடைகளில் 'இ' வகை எது, 'நா' வகை எது என்று பிடிபடவில்லை. 'நேற்று குளிராக இருந்தது' என்பதற்கு 'கினோ வா ஸமுயி தெஷ்தா' என்று எழுதினேன்; ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அடித்தது சரிதான். தமிழில் 'குளிராக' அப்படியே நிற்கும், 'இருக்கிறது'தான் 'இருந்தது' ஆகும். ஜப்பானிய இ-வகைப் பெயரடையோ வினைச்சொல்லைப் போலத் தானே காலம் காட்டும். ஸமுயியின் கடைசி 'இ'யை எடுத்துவிட்டு 'கத்தா' சேருங்கள்: ஸமுகத்தா தெஸ். அந்த 'தெஸ்' வெறும் மரியாதைக்கு. இங்கே அது இறந்தகால 'தெஷ்தா'வாக மாறாது. குளிராக இல்லை என்றால் ஸமுகுனயி, குளிராக இருக்கவில்லை என்றால் ஸமுகுனகத்தா. (இங்குள்ள ககரத்தையெல்லாம் 'கல்' என்பதில் வருவதுபோலவே படியுங்கள். தமிழெழுத்தை நம்பி ஓட்டாமல் சீக்கிரம் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறைக்கு மாறிவிடுவது நல்லது.)

நா-வகை பெயர்ச்சொல்லின் சாயல் கொண்டது. 'ஷிஸுகா தெஷ்தா' (அமைதியாக இருந்தது) சரியான வாக்கியம். உங்களைக் குழப்பியது இதுவாகத்தான் இருக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் மட்டும் 'நா' ஒட்டும்: ஷிஸுகா நா மச்சி, அமைதியான ஊர். நம் '-ஆன' மாதிரியே இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடாதீர்கள். 'சுவையான' என்பதற்கு 'ஒயிஷீ' மட்டும் போதும், நா வேண்டாம்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இ-வகைச் சொல் 'இ' என்ற தனி ஹிரகானா எழுத்தில் முடியும். பென்ரி (வசதியான) 'ரி'யில் முடிவதால் நா-வகை. ஏமாற்றுபவை கிரெயி (அழகான), யூமெயி (புகழ்பெற்ற) போன்றவை. இவற்றில் 'இ'க்கு முன் எகர ஒலி இருப்பதைப் பாருங்கள். அப்படி வந்தால் இ-வகை அல்ல. இந்த விதிக்குள் அடங்காத கிரயி (பிடிக்காத) என்பதையும் நா-வகையாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பட்டியலாக உருப்போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. புதுச் சொல் ஒவ்வொன்றையும் ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்: 'கிரெயி நா ஹனா', அழகான பூ. அப்போது வகை மட்டுமல்ல, பொருளும் பிடிபடும். ஸமுயி வானிலைக் குளிருக்குத்தான்; தொட்டால் சில்லென்ற தண்ணீர் 'த்ஸுமெதயி மிஸு'.

விதிவிலக்காக ஒன்று, 'ஈ' (நல்ல). அது யோகுனயி, யோகத்தா என்று மாறும். 'ஈகத்தா' என்று எழுதினால் அதுவும் அடிபடும்.