ஜப்பான் தாத்தா ஓட்டிய வண்டி

வண்டி கேள்வி பதில். ரங்கூன் தாமுவேயில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

பழைய டொயோட்டா ப்ராபாக்ஸ் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மீட்டரில் 68,000 கிலோமீட்டர்தான். ஜப்பானில் ஒரு தாத்தா கடைக்குப் போக மட்டும் எடுத்த வண்டி என்கிறார் புரோக்கர். நம்பலாமா அண்ணே?
திங்கன்ஜூன் வாசகர்

அந்தத் தாத்தாவை எனக்கும் நல்லாத் தெரியும் தம்பி. இந்த ஊரில் விற்கிற வண்டியில் பாதியை அவர்தான் ஓட்டியிருக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ப்ராபாக்ஸ் ஜப்பானில் கம்பெனி வண்டி. சேல்ஸ்மேன் பின்னால் பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை சுற்றுகிற வண்டி. தாத்தா ஏன் அதை வாங்கப்போகிறார்?

மீட்டரை விட்டுவிட்டு டிரைவர் கதவைத் திறந்து, பூட்டு மாட்டுகிற தூணைப் பாருங்கள். ஜப்பானில் ஆயில் மாற்றினால் அங்கே ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவார்கள். மாற்றிய தேதியும் அன்றைக்கு ஓடியிருந்த கிலோமீட்டரும் அதில் இருக்கும். வருடம் மட்டும் குழப்பும். அவர்கள் ராஜா காலக் கணக்கில் எழுதுவது வழக்கம். ஹெய்செய் வருடம் என்றால் 1988-ஐக் கூட்டுங்கள், 24 என்று இருந்தால் 2012. 2019 மே மாதத்திலிருந்து ரெய்வா, அதற்கு 2018-ஐக் கூட்ட வேண்டும். ஒருமுறை என்னிடம் வந்த வண்டியில் மீட்டர் 71,000 காட்டியது. தூணில் இருந்த சீட்டில் 1,42,000. மீட்டரைத் திருப்பியவன் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டான். வாங்கியவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்றால் பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தைத் தடவிப் பாருங்கள். 68,000-க்கு அந்த ரப்பர் வழவழவென்று தேயாது. பெடல் ரப்பர் மட்டும் பளிச்சென்று புதுசாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், ஒன்றரை லட்சம் ஓடிய ப்ராபாக்ஸை வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த 1500 சிசி எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற டைமிங் பெல்ட் கிடையாது, அதற்குப் பதில் செயின். ஆயில் ஒழுங்காக மாற்றினால் உழைக்கும். ஒன்றரை லட்சத்துக்கு உண்டான விலையைக் கொடுங்கள், அவ்வளவுதான். டொயோட்டா மார்க் டூ கார் வாங்குகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை. 1ஜி எஞ்சின் என்றால் பெல்ட். லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது. எஞ்சின் பக்கத்தில் அதற்கும் ஒரு சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாத மழையில் முழங்கால் தண்ணீரில் என் ஹோண்டா ஃபிட் கார் நின்றுவிட்டது. பயத்தில் நாலைந்து தடவை ஸ்டார்ட் அடித்தேன். டக் என்று ஒரு சத்தம், அப்புறம் அசையவே இல்லை. எஞ்சின் போய்விட்டதா?
தக்கேத்தா வாசகி

தங்கச்சி, அந்த 'டக்' சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்சின் காற்று இழுக்கிற வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காற்றை பிஸ்டன் அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மோட்டார் சுற்றச் சுற்ற பிஸ்டன் தண்ணீரில் முட்டி அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதல் தடவை நின்றபோதே சாவியை எடுத்துவிட்டு நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுக்காமல் ஏற்றிக் கொண்டுபோங்கள். மெக்கானிக் முதலில் ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். உங்களுடையது பழைய 1300 ஃபிட் என்றால் நாலு சிலிண்டருக்கு எட்டு ப்ளக் இருக்கும். மெக்கானிக் எட்டுக்குக் காசு கேட்டால் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சிவிடி என்கிற ஒருவகை ஆட்டோமேட்டிக் கியர். அதற்கென்றே உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். 'எல்லா ஆட்டோமேட்டிக் கியருக்கும் ஒரே ஆயில்தான்' என்கிற கடையிலிருந்து அப்படியே நடையைக் கட்டுங்கள்.

அடுத்த மழைக்கு ஒரு கணக்கு: முன்னால் போகிற வண்டியின் சக்கர நடு மூடி முங்கினால் நீங்கள் நின்றுவிடுங்கள். தண்ணீரைத் தாண்டி வந்ததும் பிரேக்கை மெதுவாக நாலைந்து முறை மிதித்துக் காயவையுங்கள்.

குடும்பத்தோடு மண்டலே போகிறோம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் டயர் வெடிக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள்.
இன்செயின் வாசகர்

பயமுறுத்தவில்லை, நடக்கிறதுதான். 360 மைலுக்கு மேல் கான்கிரீட் ரோடு, அதிலும் சித்திரை வெயில். காற்று குறைந்த டயர் ஓட ஓடப் பக்கவாட்டில் நசுங்கி நசுங்கிச் சூடாகும், வெடிக்கும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சூட்டில் வெடிக்கும் என்று காற்றை இறக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். காலையில் டயர் ஆறியிருக்கும்போது, கதவுத் தூணில் போட்டிருக்கிற அளவுக்கு அடியுங்கள். அங்கே கிலோபாஸ்கல் கணக்கில் 230 என்று இருந்தால் பம்பில் 33 பவுண்டு.

டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படுகிற பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருட டயரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இன்னொன்று, ஜப்பானிலிருந்து வருகிற பழைய டயர்களில் பனிக்கால டயரும் கலந்து வரும். பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று இருக்கும், பூவில் மெல்லிய கீறல்கள் நிறைய. பனிக்கட்டிக்காகச் செய்த மெத்து ரப்பர் அது, நம் வெயிலுக்கு ஆகாது. வழியில் 115-ஆவது மைல் ஓய்விடத்தில் நிறுத்தி நீங்கள் சாப்பிடுங்கள், டயரும் கொஞ்சம் ஆறட்டும்.

ப்ராபாக்ஸுக்கு 92 ஆக்டேன் பெட்ரோல் போதுமா, 95 போட வேண்டுமா?
பெகு வாசகர்

92 போதும். மிச்சப் பணத்துக்கு நேரத்தில் ஆயில் மாற்றுங்கள்.

கரண்ட் போகும்போது கார் பேட்டரியில் வீட்டுக்கு லைட்டும் ஃபேனும் போடுகிறேன். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது.
மோல்மேன் வாசகர்

கார் பேட்டரி ஒரு நொடி முழு பலத்தில் தள்ளுவதற்குச் செய்தது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் நாலைந்து மாதத்தில் செத்துவிடும். 10 வாட் எல்இடி பல்பு ஒன்று நாலு மணி நேரம் எரிந்தால் மூன்றரை ஆம்பியர்-அவர்கூட ஆகாது, அது பரவாயில்லை. ஃபேன் வேண்டாம். வீட்டுக்கென்று இன்வெர்ட்டர் பேட்டரி தனியாக வாங்குங்கள். சார்ஜ் ஏற்றுகிறேன் என்று கதவு சாத்திய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

புது பேட்டரி வாங்கும்போது பழையதில் உள்ள எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொண்டு போங்கள். 46பி24எல் வேறு, 46பி24ஆர் வேறு. முனை இடம் மாறியிருக்கும், வயர் எட்டாது.

புது வண்டிக்குப் பூஜை போட்டு முன்னால் கட்டிய மாலையை எப்போது கழற்ற வேண்டும்? அம்மா தானாக விழட்டும் என்கிறார்.
தாமுவே வாசகி

அம்மா சொல்வதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் கிரில்லை மூடி ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைக்கிற மாதிரி இருந்தால் கண்ணாடிப் பக்கம் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். அம்மா கேட்கவில்லையென்றால் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், சர்வீஸில் கழன்றுவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.