யுனிவர்சிட்டி நடத்துறதுல அப்படி என்னங்க கஷ்டம்?

சம்பளம் அரசாங்கம் குடுக்குது, பீஸ் பசங்க கட்டுறாங்க, அப்புறம் என்ன கஷ்டம்னு கேட்டிருக்கீங்க. நான் நீலகிரியில ஒரு காலேஜ் ஆபீஸ்ல பரீட்சை செக்‌ஷன் பாத்து ரிட்டயர் ஆனவன். மேல இருக்கறவங்க கஷ்டம் முழுசா தெரியாதுங்க, ஆனா பரீட்சையும் மழையும் சேந்து வர்ற நவம்பர் மாசம் தெரியும்.

எங்களுக்கு யுனிவர்சிட்டின்னா கோவையில இருக்கற பாரதியார். 1982ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி மெட்ராஸ் யுனிவர்சிட்டி, ஊட்டி கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் 1955ல தொடங்குனப்ப அதுக்குக் கீழதான். பேப்பர்ல பெருசா வர்றது துணைவேந்தர் நாற்காலி, 2022 அக்டோபர்ல காலியாகி வருஷக்கணக்கா நிரம்பல, ஆளத் தேடற குழுவுல யுஜிசி (மத்திய அரசோட பல்கலைக்கழக மானியக் குழு) ஆள் வேணுமா வேணாமான்னு கவர்னருக்கும் அரசாங்கத்துக்கும் இழுபறி, கமிட்டி வச்சு ஓட்டுனாங்க. பெரிய விஷயந்தான். ஆனா துணைவேந்தர் இருந்த காலத்துலயும் மழ பெஞ்சுதுங்களே.

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாலு மாவட்டத்துக்கும் (பரீட்சைய தானே நடத்திக்கற தன்னாட்சி காலேஜ விட்டுட்டு) ஒரே டைம்டேபிள், ஒரே கொஸ்டின் பேப்பர். ஈரோட்டுல வெயில் அடிக்கும், அதே நேரம் குன்னூர்ல மண்ணு சரிஞ்சு கிடக்கும். லீவு விடறது கலெக்டர், தேதி போடறது யுனிவர்சிட்டி. நீலகிரிக்கு மட்டும் தள்ளி வைக்கலாமேன்னா, அந்த பேப்பர கீழ எல்லாரும் எழுதி முடிச்சிருப்பாங்க, அப்ப புதுசா கொஸ்டின் செட் பண்ணணும், அச்சடிக்கணும், இன்னொரு தேதி பாக்கணும், அந்தக் கட்டு தனியா திருத்தணும், அதுவரைக்கும் ரிசல்ட் நிக்கும்.

2009 நவம்பர் மண்சரிவு மாதிரி, 40 பேருக்கு மேல செத்துப்போன வருஷம்னா யாரும் யோசிக்கவே மாட்டாங்க, தள்ளி வச்சுடுவாங்க. சிக்கல் நடுவாந்தர மழைக்குத்தாங்க. லீவு விடற அளவுக்கு இருக்காது, பஸ் வர்ற அளவுக்கும் இருக்காது.

அப்படி ஒரு நாள் மஞ்சூர் ரோட்டுல மரம் விழுந்து, ஒரு பொண்ணு முட்டி வரைக்கும் சேறோட அம்பது நிமிஷம் லேட்டா வந்து நின்னுச்சு. அரை மணி தாண்டினா ஹாலுக்குள்ள விடக்கூடாது. பிரின்சிபால் கையப் பிசைஞ்சாரு, "இங்க விட்டா நாளைக்கு பொள்ளாச்சியில கேப்பாங்கய்யா"ன்னாரு. எனக்கு அப்ப கோவம், இப்ப யோசிச்சா அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்கு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சோம்.

அடுத்த செமஸ்டர்ல அரியர் எழுதி பாஸ் பண்ணிடுச்சு. அன்னைக்கு நல்ல வெயில்.